தாயகம் திரும்பியோர் சங்கம் இனி எதற்கு என்று கேட்டவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர், சிலோனிலிருந்து வந்தவர்கள் வந்து ஐம்பது வருஷம் ஆகிவிட்டது, பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள், ஓட்டு இருக்கிறது, ரேஷன் இருக்கிறது, இன்னும் தாயகம் திரும்பியோர் சங்கம் என்று தனியாக ஒன்று எதற்கு என்று கேட்டு எழுதியிருந்தார். வம்புக்காகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நீலகிரிக்கு வெளியே இருக்கிற நிறையப் பேருக்கு இந்தக் கேள்வி இருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

நான் பந்தலூர்ப் பக்கம் இருப்பவள். அப்பா, அம்மா இருவரும் இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். நான் இங்கே பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ச் சங்க அறையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். அந்த மேஜையில் உட்கார்ந்தால் என்ன தெரிகிறதோ அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இளைஞர்களுக்கு இது பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரப்படுவதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்க இலங்கை மலைக்குப் போன சனம் எங்கள் சனம். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் ஒரே அடியில் நாடில்லாதவர்கள் ஆனோம். 1964 அக்டோபர் 30இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, 9,75,000 பேர் என்று கணக்கு வைத்து, அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பேச்சுவார்த்தை எதிலும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் இருந்த ஒருவரையும் கூப்பிட்டு உனக்கு எங்கே இருக்க இஷ்டம் என்று கேட்கவில்லை. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, கையில் ஒரு குடும்ப அட்டையோடு (ரேஷன் கார்டு இல்லை, திரும்பி வந்த குடும்பத்தின் விவரம் எழுதிய அட்டை) சனம் வந்தது. 1984இல் கப்பல் நின்றுபோகும் வரை இது நடந்தது.

அந்த அட்டையில்தான் உங்களுக்கு என்ன மறுவாழ்வு என்று எழுதியிருக்கும். நிறையப் பேருக்கு எழுதியது வியாபாரக் கடன். கொழுந்து எடுப்பதையும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதையும் தவிர வேறு எதையும் கையால் தொட்டுப் பார்க்காதவர்களிடம் போய் பெட்டிக்கடை வையுங்கள் என்றார்கள். கடன் வாங்கித் தருகிறேன் என்று வந்த தரகர்கள் பாதியை எடுத்துக்கொண்டார்கள். பூர்வீக ஊருக்குப் போனவர்களுக்கு அங்கே நிலமும் இல்லை, இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் போனவர்களின் பிள்ளைகளை அடையாளம் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. வேனல் தாங்கவில்லை, வேலையும் தெரியவில்லை. நீலகிரியில் தேயிலை இருக்கிறதாம், குளிரும் நம் ஊர் மாதிரி இருக்குமாம் என்று ஒருவர் காதில் விழுந்து இன்னொருவரிடம் சொல்லி, அப்படித்தான் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் கூடலூருக்கும் வந்து சேர்ந்தார்கள். கொடைக்கானல் மலைக்குப் போனவர்களில் சிலர் மரம் வெட்டும் இடத்தில் கொத்தடிமையாகவே மாட்டிக்கொண்டார்கள். 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், பிறகு டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) என்று கழகமான அதுதான், எங்களில் பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

சங்கம் என்று ஒன்று வந்தது அந்த நாளில்தான். யாரும் மாநாடு கூட்டித் தொடங்கவில்லை. முன்னால் வந்தவர் பின்னால் வந்தவருக்கு எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார், எழுதத் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்காக எழுதினார், யாராவது இறந்துபோனால் அடக்கம் செய்ய ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டார்கள். எங்கள் ஊரில் அந்த மரண உதவிச் சீட்டுதான் பின்னால் சங்கமாகப் பதிவானது. சொந்த மண் என்று சொல்லப்பட்ட இடத்தில் சொந்தம் என்று ஒருவரும் இல்லாதபோது சாவு வீட்டுக்கு நாலு பேர் வர வேண்டும் என்றுதான் இதைச் செய்தார்கள்.

சரி, அது அந்தக் காலம், இப்போது எதற்கு என்றுதானே கேள்வி. எங்கள் மேஜைக்கு வந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

ஒரு பெண் பிள்ளை, நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. சாதிச் சான்றிதழ் வேண்டும். ஆதிதிராவிடர் குடும்பம். தாலுகா அலுவலகம் ஒன்றில், எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம், பாட்டியின் குடும்ப அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அந்த அட்டையை நானும் கையில் வாங்கிப் பார்த்தேன். மடிப்பில் நாலாகக் கிழிந்து, உள்பக்கம் சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருந்தது. குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வயது, உறவு எல்லாம் மையில் எழுதியிருந்தது. சாதி என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. பாட்டியின் பெயர் அட்டையில் முத்தாய், ரேஷன் கார்டில் முத்தாயி, ஆதாரில் முத்தம்மாள். மூன்றும் ஒரே ஆள்தானா என்று முதல் கேள்வி. அடுத்த கேள்வி, 1950க்கு முன்னால் உங்கள் தாத்தா எந்த ஊரில் குடியிருந்தார்? பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது 1950 ஆகஸ்டில், அதை வைத்துக் கேட்கிறார்கள். தாத்தா அன்றைக்கு இலங்கையில் இருந்தார். அதனால்தானே அவரைத் தாயகம் திரும்பியவர் என்று இந்த அரசே அட்டை போட்டுக் கூட்டி வந்தது! அதைச் சொன்னால், அது எனக்குத் தெரியாதும்மா, உங்க பூர்வீக ஊர் வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்கிட்டு வாங்க என்று பதில்.

அந்தப் பிள்ளைக்குப் பூர்வீக ஊரின் பெயரே தெரியாது. பாட்டிக்கு ஊர் பெயர் தெரியும், ஆனால் அவர் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. சங்கத்தில் மூத்த ஐயா ஒருவர் இருக்கிறார், எந்தத் தோட்டத்தில் எந்த ஊர்க்காரர் இருந்தார்கள், யாருக்கு யார் சம்பந்தி என்று வாய்க்கணக்காகச் சொல்வார். அவர் சொன்னதை வைத்து, அதே ஊரிலிருந்து போய்த் திரும்பி வந்த இன்னொரு குடும்பத்தைத் திருச்சிப் பக்கத்தில் தேடிப் பிடித்தோம். அவர்களிடம் சான்றிதழ் இருந்தது. அவர்கள் மூலம் பங்காளி உறவை எழுதி வாங்கி, பெயர் வித்தியாசத்துக்கு நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, பாட்டியின் பழைய வேலைப் பதிவையும் சேர்த்துக் கொடுத்தோம். சான்றிதழ் வந்தது. வருவதற்குள் அந்த வருஷ அட்மிஷன் முடிந்துவிட்டது. பிள்ளை ஒரு வருஷம் கொழுந்து எடுத்துவிட்டு அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது சொல்லுங்கள், சங்கம் இல்லை என்றால் அந்தப் பிள்ளையின் வீட்டார் யாரிடம் போயிருப்பார்கள்? மனு ஒன்றுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று கேட்கிற ஆட்களிடம்தான். வந்தவர்களின் கஷ்டம் வந்தவர்களோடு முடிந்துபோகும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். முடியவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் பத்தாவது முடித்து ஒரு படிவத்தை நீட்டும்போது அது மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களுக்கு இன்னும் சிக்கல், ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதி இன்னொரு மாநிலத்தில் செல்லாது என்ற விதி அவர்கள் தலையில் வந்து விழுந்தது. தமிழ்நாட்டுக்காரர் என்று கூட்டி வந்து, வேறு மாநிலத்தில் வேலை கொடுத்து, பிறகு நீ இந்த மாநிலம் இல்லையே என்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

அடுத்தது குடியிருக்கும் இடம். கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் ஜென்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழித்த 1969 சட்டத்தின் 17ஆவது பிரிவில் வரும் நிலம் என்று ஒரு பெரிய பரப்பு இருக்கிறது. அதில் வீடு கட்டி இருக்கும் பல்லாயிரம் பேரில் எங்கள் சனமும் உண்டு. பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் மின் இணைப்புக்கு அலைச்சல், பேங்க் கடனுக்கு வழியில்லை. இந்த இடத்தில் நான் எங்கள் ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மலை நமக்கு முன்னால் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் என்ற பழங்குடி மக்கள் இருந்த மலை. அவர்கள் இழந்தது நாம் கேட்பதைவிடப் பெரிது. பட்டா கேட்கும் ஊர்வலத்தில் அவர்களைப் போட்டியாளர்களாகப் பேசுகிற சங்கத்தோடு எனக்கு ஒட்டாது. இரண்டு பேரும் சேர்ந்து போனால்தான் வருவாய்த்துறையில் காது கொடுத்துக் கேட்பார்கள் என்பது அனுபவத்தில் பார்த்தது.

தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் கதை வேறு. வேலை இருக்கும் வரைதான் லயம். பணி ஓய்வு வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இருபது வயதில் வந்து அறுபது வயது வரை தேயிலையிலேயே இருந்துவிட்டு ஓய்வு பெறுகிற ஒரு அம்மாவுக்குப் போக வேறு ஊர் எது? 2022 அக்டோபரில் டேன்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசாணை வந்தபோது எங்கள் பக்கம் ஒரு வீட்டில்கூட நிம்மதியாகத் தூங்கவில்லை. போராட்டம் நடந்தது, எல்லாக் கட்சிகளும் வந்து பேசின, தொழிலாளர்களுக்கு அடுக்குமாடி வீடு கட்டித் தருவோம் என்று அறிவிப்பும் வந்தது. நல்லது. காடு திரும்பக் காடாக வேண்டும் என்பதிலும் எனக்கு எதிர்ப்பு இல்லை, யானை வழியில் வீட்டைக் கட்டிக்கொண்டு ராத்திரி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது நாங்கள்தான். ஆனால் ஒரு தோட்டத்தை மூடுவதற்கு முன்னால் அங்கே வேலை செய்தவர்களுக்குக் கதவு வைத்த ஒரு வீடு தயாராக இருக்க வேண்டும். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு லயத்தைக் காலி செய்யச் சொல்லட்டும், இந்த வரிசையை மாற்றக் கூடாது.

எங்கள் சங்கங்களைப் பற்றியும் பேச வேண்டும், அதைப் பேசாமல் அரசை மட்டும் குறை சொன்னால் நியாயமில்லை. ஒரே ஊரில் மூன்று சங்கம் இருக்கிறது, மூன்றுக்கும் மூன்று கட்சி. தேர்தல் வந்தால் அறை திறக்கிறது, முடிந்தால் பூட்டுகிறது. நோட்டீஸில் தலைவர் படம் பெரிதாக இருக்கிறது, ஆனால் போன மாதம் யாருடைய மனு எங்கே நிற்கிறது என்று கேட்டால் எழுதி வைத்த நோட்டு இல்லை. கொழுந்துக் கூடை சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், ஆனால் நிர்வாகக் குழுவில் பத்துக்கு ஒன்பது ஆண்கள். மனு எழுத வருகிறவர்களும் பெண்கள்தான், பிள்ளையின் படிப்பு, பென்ஷன், ரேஷன் எல்லாவற்றுக்கும் அலைவது அம்மாக்கள். அவர்கள் ஆண்கள் நிறைந்த அறைக்குள் வந்து வீட்டு விஷயம் சொல்லத் தயங்குகிறார்கள். எங்கள் ஊரில் மேஜைக்கு ஒரு பெண் உட்கார ஆரம்பித்த பிறகு வருகிறவர்கள் எண்ணிக்கையே மாறிவிட்டது. காமன் கூத்து வைப்பது, ஆண்டு விழாவில் தப்பு அடிப்பது எல்லாம் வேண்டும், நானே முன்வரிசையில் உட்காருவேன். ஆனால் வருஷத்தில் ஒரு நாள் விழாவுக்குச் செலவாகும் பணத்தில் பாதியை ஒரு ஸ்கேனருக்கும் ஒரு இரும்பு பீரோவுக்கும் செலவழித்தால் ஊரில் உள்ள அத்தனை குடும்ப அட்டைகளையும் காப்பாற்றிவிடலாம். அட்டைகள் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன, ஐயா. அதை வாங்கி வந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்கள் மூத்த ஐயாவுக்குப் பிறகு யார் எந்த ஊர் என்று சொல்ல ஆள் இல்லை. அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்து, ஒரு பிள்ளை கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். எல்லா ஊர்ச் சங்கமும் இதைச் செய்ய வேண்டும், இந்த வருஷமே செய்ய வேண்டும்.

ரெப்கோ பேங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காக மத்திய அரசு தொடங்கிய கூட்டுறவு வங்கி அது. தாயகம் திரும்பியவர்களும் அவர்கள் வாரிசுகளும் அதில் உறுப்பினர் ஆகலாம். நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாது, பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறார்கள். உறுப்பினர் ஆவதற்கும் மறுபடி அந்த அட்டைதான் கேட்பார்கள்.

இன்னொரு விஷயம் மனதை உறுத்துகிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு ஓடி வந்தவர்களில் மலையகத்துக்காரர்களும், அதாவது எங்களைப் போல இலங்கை மலைத் தோட்டத்துச் சனமும் பல ஆயிரம் பேர். அவர்களில் சிலர் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்களின் குடும்பம்தான். முறையாகக் கப்பலில் வரவில்லை, உயிர் தப்பப் படகில் வந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். என் அம்மாவோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் முகாமில் இருக்கிறார்கள். 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், வீடும் கட்டிக் கொடுக்கிறார்கள், ஆனால் குடியுரிமை இல்லை. 2019 ஜூனில் திருச்சி முகாம்களைச் சேர்ந்த 65 பேர் வழக்கில், இவர்கள் இந்திய வம்சாவளியினர், இவர்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்புச் சொன்னார். அதே வருஷம் டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. இலங்கைகூட அங்கேயே தங்கிவிட்ட நாடற்றவர்களுக்கு 2003இல் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்துவிட்டது. இங்கே வந்தவர்களுக்குத்தான் முடியவில்லை. அட்டை வைத்திருக்கும் நம் சங்கங்களில் பல, முகாம்காரர்கள் வேறு, நாம் வேறு என்று ஒதுங்கி நிற்கின்றன. நமக்கும் அகதி என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம் அது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, பள்ளியில் அந்தப் பெயரைக் கேட்டு அழுதவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனாலும் அவர்கள் பூர்வீகத்தை நிரூபிக்கத் தேவையான சாட்சி நம்மிடம்தான் இருக்கிறது. அவர் என் சித்தப்பா மகன், எங்கள் தாத்தாவும் அவர் தாத்தாவும் அண்ணன் தம்பி என்று ஒரு குடும்ப அட்டைக்காரர் எழுதிக் கொடுத்தால் அது ஒரு ஆதாரம். அதைக்கூடக் கொடுக்க மறுக்கும் சங்கம் பெயர்ப்பலகையை இறக்கிவிடலாம்.

அரசிடம் நாங்கள் கேட்பது பெரிய பணச் செலவு பிடிக்கும் காரியம் இல்லை. தாயகம் திரும்பியவரின் குடும்ப அட்டை இருந்தால், அதில் உள்ளவரின் வாரிசு என்று காட்டினால் போதும், 1950ஐப் பற்றிய கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம் என்று எல்லாத் தாலுகாவுக்கும் தெளிவாக ஒரு சுற்றறிக்கை. வீட்டில் ஒருவருக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தால் கூடப் பிறந்தவருக்கு மறு விசாரணை இல்லாமல் கொடுக்க வேண்டும். பெயர் எழுத்து வித்தியாசத்துக்கு ஒரே பிரமாணப் பத்திரத்தை எல்லா அலுவலகமும் ஏற்க வேண்டும். அப்புறம், மண்டபத்தில் பதிந்த விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தாலுகாவிலேயே பார்க்கும்படி செய்தால், அட்டை தொலைந்தவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். அட்டை தொலைந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், நிலச்சரிவிலும் வெள்ளத்திலும் வீட்டோடு போனவை எத்தனையோ.

கேள்வி கேட்ட வாசகர் ஒருமுறை கூடலூர்ப் பக்கம் வந்தால் எங்கள் அறைக்கு வரட்டும். ஞாயிறு காலை சர்ச்சும் சந்தையும் முடிந்த பிறகு கூட்டம் வரும். திண்ணையில் உட்கார்ந்து கேட்டாலே போதும்.

திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் பனியன் கம்பெனி, மில் வேலைக்குப் போயிருக்கும் எங்கள் பிள்ளைகள் இந்தக் கடிதத்தைப் பார்த்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பாட்டியின் பெட்டியில் இருக்கும் குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட், வியாபாரக் கடன் ரசீது, எது இருந்தாலும் எடுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், முத்திரை சரியாகத் தெரியவில்லை என்று அசலையே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து, வெளிச்சத்தில் எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்து, வீட்டில் இரண்டு பேரிடமாவது வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியிடம் ஊர் பெயர், தோட்டத்துப் பெயர், தாத்தாவின் அப்பா பெயர் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதில் ஒரு நகலைச் சங்கத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்